காதால் பார்த்த படக்கதை

படக்கதையிலிருந்து படத்தை நீக்கிவிட்டால் எஞ்சி நிற்பது கதை என்று தர்க்க சாஸ்திரம் கூறும். எஞ்சி நிற்பது இரைச்சல் என்று என் இல்லத்தரசி கூறுகிறாள். இவ்விரண்டு சித்தாந்தங்களுக்கும் நடுவே, ஹந்தானை மலைச்சாரலில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டின் விறாந்தையில், சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தவாறு, சுக்கிரனிலும் அதற்கு அப்பாலும் நடக்கும் யுத்தங்களைச் செவியால் மட்டும் கண்டு களிக்கும் மூன்றாவது சித்தாந்தக்காரன் ஒருவன் இருக்கிறான். கச்சேரியில் நெடுங்காலம் கோப்புகளைப் புரட்டிவிட்டு ஓய்வூதியத்துடன் ஒதுங்கிய அந்த மனிதன் அடியேன்தான்.

இந்தச் சித்தாந்தத்துக்கு என்னை ஆட்படுத்தியது தத்துவ விசாரமன்று. கண்ணில் படர்ந்த வெண்படலம். அதனைக் களையச் சத்திர சிகிச்சை நடந்தபின், சிறிது காலத்துக்குப் பத்திரிகை, புத்தகம், தொலைக்காட்சி ஆகிய எதிலும் கண்ணைப் பதிக்கலாகாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு வேலையற்ற தாத்தா சமையலறைப் பக்கம் சென்று ஆலோசனைகள் வழங்கத் தொடங்கினால் இல்லத்தின் சமாதானம் என்ன கதிக்கு ஆளாகும் என்பதை முன்கூட்டியே உணர்ந்த தீர்க்கதரிசியாகிய என் பேரன், தரம் எட்டில் படிப்பவன், தன் தகப்பனாரின் பழைய கைபேசியில் எதையோ தேடி எடுத்து, "தாத்தா, இதக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க. கண்ணத் தொறக்கவே வேணாம்" என்று சொல்லி, ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டான். மறுகணம் 80 கோடி ஜனங்கள் வசிக்கும் ஓர் எதிர்கால மகாநகரத்தின் நடுவீதியில், மோட்டார் சைக்கிள்களும் துப்பாக்கிகளும் முழங்கும் பேரிரைச்சலில், துணைக்கு ஆளின்றி நான் நின்றேன்.

அந்த நகரத்தின் பெயர் மெகாசிட்டி ஒன்று. அங்கே காவல் துறையும் நீதிமன்றமும் தூக்குமேடையும் ஒரே ஆசாமிக்குள் அடக்கம். அவர்தாம் ஜட்ஜ் ட்ரெட். 2000 ஏ.டி. என்னும் பிரித்தானியப் படக்கதை வாரஇதழில் 1977 முதல் உலவிவரும் இந்தக் கனவானுக்கு ஒரு விரதம் உண்டு: தலைக்கவசத்தைக் கழற்றித் தம் முகத்தை வாசகனுக்குக் காட்டமாட்டார். முகமே இல்லாத கதாநாயகனை வானொலிக்குக் கொண்டுவருவதில் யாருக்கு என்ன நஷ்டம்? 1995ஆம் ஆண்டில் டர்க் மாக்ஸ் என்னும் தயாரிப்பாளர் பி.பி.ஸி.யின் ரேடியோ 1 அலைவரிசையில் சில நிமிடத் துண்டுகளாக இக்கதையை நாடகமாக்கினார். அதே ஆண்டு கோடானுகோடி செலவில் சில்வெஸ்டர் ஸ்டலோன் நடித்து ஒரு சினிமாவும் வந்தது. சினிமாவில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றித் தம் திருமுகத்தைக் காட்டிவிட்டாராம். ரசிகர்கள் இன்றளவும் மன்னிக்கவில்லை. வானொலியோ ஒரு சதம் செலவின்றி அந்த விரதத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது.

பின்னர் 2002 முதல் பிக் ஃபினிஷ் என்னும் நிறுவனத்தார் இதே இதழின் கதைகளை முழுநீள ஒலிநாடகங்களாக வெளியிட்டனர். அவற்றுள் ஸ்ட்ரோண்டியம் டாக் என்ற வரிசையில் கூலிக்குக் குற்றவாளிகளை வேட்டையாடும் ஜானி ஆல்ஃபாவாகச் சைமன் பெக் பேசுகிறார். அண்டை நாட்டிலும் இந்த வியாபாரம் வந்து சேர்ந்துவிட்டது. மார்வல் படக்கதை உலகத்தைச் சேர்ந்த 'வேஸ்ட்லேண்டர்ஸ்' என்னும் ஒலித்தொடர் 2023இல் ஹிந்தியில் வெளிவந்தபோது ஸ்டார்லார்டாகச் சைஃப் அலி கானும் பிளாக் விடோவாகக் கரீனா கபூரும் பேசினர். அழகுக்காகவே கோடிகள் கொடுக்கப்படும் இரு முகங்களை வீட்டில் விட்டுவிட்டுக் குரலை மாத்திரம் அழைத்துவரச் செய்த அந்தத் துணிச்சலுக்கு என் வந்தனம்.

கண் தேறியபின்னும் இந்தப் பழக்கம் என்னை விட்டபாடில்லை. பிரயாணங்களில் அதுவே வழித்துணையாயிற்று. கண்டியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட கடுகதி ரயிலில் ஒரு நாள் நான் அமர்ந்திருக்க, எதிரே தலதா மாளிகையில் வழிபாடு முடித்துவிட்டு வெண்ணிற உடையுடன் திரும்பும் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். ரயில் கடுகண்ணாவைச் சரிவில் இறங்கத் தொடங்கியது. "வடே, வடே, இஸ்ஸோ வடே" என்று பாடியவாறு கூடையுடன் வந்த வியாபாரியை நோக்கி நான் கையை நீட்டவும், நீட்டிய கையில் சிக்கிய ஹெட்போன் வயர் கைபேசியிலிருந்து பிடுங்கிக்கொள்ளவும், வண்டி மலைக்குகைக்குள் நுழைந்து பெட்டி இருளடையவும் காலம் ஒன்றாகவே இருந்தது. அந்த அந்தகாரத்தில், இடிபோன்ற ஆங்கிலக் குரல் ஒன்று, எல்லாரும் அசையாமல் கைகளை உயர்த்துமாறு ஆக்ஞாபித்து, தவறினால் இருபது வருஷம் சிறை என்றும் அறிவித்தது. குகை நீங்கி வெளிச்சம் வந்தபோது வடைக்காரர் ஒரு கையை உயர்த்தியிருந்தார். மற்றக் கையில் கூடை இருந்தமையால் அதற்கு மேல் அவரால் சட்டத்துக்குக் கீழ்ப்படிய முடியவில்லை. "அனே மஹத்தயா, மொகத மே?" என்று மூதாட்டி நெஞ்சில் கைவைத்துக் கேட்டார். வானொலி நாடகம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் நிம்மதிப் பெருமூச்செறிந்து, அந்த உரத்த குரல்காரருக்குக் கடைசியில் கல்யாணம் நடக்குமா என்று விசாரித்தார். நடக்காது என்றதும், "இந்தக் குணத்துக்கு யார் பெண் கொடுப்பார்கள்!" என்று சிங்களத்தில் அவர் வழங்கிய விமரிசனத்தைவிடச் சிறந்த ஒன்றை நான் எங்கும் கேட்டதில்லை.

படக்கதையைக் காதால் கேட்பது ஏதோ நேற்று முளைத்த நூதனம் என்று எண்ணிவிடலாகாது. படக்கதை நாயகர்கள் சிலர் சினிமாவுக்குப் போவதற்கு முன்பே வானொலிக்குப் போனவர்கள். பக் ராஜர்ஸ் 1932இல் அமெரிக்க வானொலியில் இருபத்தைந்தாம் நூற்றாண்டைத் திறந்து வைத்தார். 1935இல் ஃபிளாஷ் கார்டன் பின்தொடர்ந்தார். 1940 பெப்ரவரி 12ஆம் தேதி சூப்பர்மேன் ஒலிபரப்பு தொடங்கியது. வேஷம் மாற்றுவதுதான் அந்தக் கதையின் உயிர்நிலை. கண்ணாடி அணிந்த சாது நிருபர் சட்டையைக் கழற்றி மகாவீரராகும் அந்தக் கணத்தைச் சட்டையே தெரியாத வானொலியில் காட்டுவதெப்படி? பட் காலியர் என்ற நடிகர் மென்குரலில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அதே வாக்கியத்தை அடிவயிற்றுக் குரலில் முடித்தார். அவ்வளவுதான், வேஷம் மாறிவிட்டது.

சூப்பர்மேனைச் செயலிழக்கச் செய்யும் கிரிப்டோனைட் என்ற கல்லும் வானொலியின் சிருஷ்டிதான். 1943இல் வானொலியில் தோன்றிய அந்தக் கல் 1949இல்தான் படக்கதைப் புத்தகத்துக்குள் புகுந்தது. காலியருக்கு ஓய்வு வேண்டியிருந்த நாட்களில் நாயகன் கல்லின் உக்கிரத்தால் மூர்ச்சித்துக் கிடப்பதாக வைத்து, வேறொருவரை முனகச் செய்து அவரை விடுமுறையில் அனுப்ப அது சௌகரியமாயிருந்தது என்று சொல்வார்கள். ஒருவருக்கு லீவு கொடுப்பதற்காக வெடித்துச் சிதறிய ஒரு கிரகத்தின் துண்டையே வரவழைத்த அந்த நிர்வாகத்தை எண்ணும்போதெல்லாம், நான் உத்தியோகம் பார்த்த காலத்தில் ஒரு நாள் லீவுக்காக எழுதிய விண்ணப்பங்களும், அவற்றில் காலஞ்சென்றவர்களாகக் குறிப்பிடப்பட்ட, ஆனால் நல்ல சுகத்துடன் இருந்த உறவினர்களும் நினைவுக்கு வருவது இயற்கையே.

இங்கிலாந்தின் கதை இன்னும் ருசிகரமானது. 1950 ஏப்ரலில் பிறந்த 'ஈகிள்' என்னும் சிறுவர் இதழின் முகப்பில் ஃபிராங்க் ஹாம்ப்சன் வரைந்த டான் டேர் என்ற விண்வெளித் தளபதி, உணவுப் பஞ்சத்தால் வாடும் பூமிக்காகச் சுக்கிர கிரகத்துக்குச் சென்று, அங்கே பெருந்தலையும் சிற்றுடலும் கொண்டு பறக்கும் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் மேக்கான் என்ற பச்சை நிறச் சர்வாதிகாரியை எதிர்த்தார். 1951இல் லக்ஸம்பர்க் வானொலி இதனை நாடகமாக்கி, வாரத்தில் ஐந்து மாலைகள், கால்மணி நேரம் வீதம், 1956 வரை ஒலிபரப்பிற்று. டான் டேரின் குரல் நோயல் ஜான்சன், உபயம் ஹார்லிக்ஸ். நம் ஊரில் ஹார்லிக்ஸ் என்பது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோகும் போத்தல். அதைக் கண்டாலே நோயாளிக்குத் தன் நிலைமை மோசம் என்பது விளங்கிவிடும். அந்தப் பானத்தை அருந்தியவர்கள் சுக்கிரனில் யுத்தம் செய்தார்கள் என்றால் என் மனைவி நம்ப மறுக்கிறாள். டான் டேர் தொடங்கிய காலத்தில் அவ்விதழுக்கு விஞ்ஞான ஆலோசனை வழங்கியவர் ஆர்தர் சி. கிளார்க். டான் டேரின் வானொலி நாடகம் ஓய்ந்த அதே 1956இல் அவர் இலங்கையில் குடியேறி, 2008இல் கொழும்பில் கண்ணை மூடும் வரை இங்கேயே இருந்துவிட்டார். பிற்காலத்தில் ஒரு நாவலின் சௌகரியத்துக்காக அவர் இந்தத் தீவையே பூமத்திய ரேகைக்கு நகர்த்திக்கொண்டார் என்பதும் பிரசித்தம். எங்கள் வீட்டுக் காணியின் எல்லைக்கல்லை ஓர் அடி நகர்த்தியதற்காக அயலவர் தொடுத்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆனால் வெள்ளைக்காரன் சொல்லித்தான் நாம் காதால் பார்க்கக் கற்றோம் என்று யாராவது சொன்னால் அதை நான் ஒப்பமாட்டேன். 1944இல் மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தை நம் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் படையினருக்காகக் கொழும்பிலிருந்து நடந்த ரேடியோ சீயாக்கின் சக்திவாய்ந்த ஒலிபரப்பி, யுத்தம் முடிந்தபின் இலங்கை வானொலிக்குச் சீதனமாக வந்து சேர்ந்தது. அதன் பலனாகத் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகள் முதல் எங்கள் தோட்டத்து லயங்கள் வரை யாவரும் செவியால் வாழப் பழகினோம். ஒரு முழுச் சினிமாவை ஒலிச்சித்திரமாகச் சுருக்கித் தந்தால், சிவாஜி கணேசனின் புருவம் எந்த இடத்தில் உயரும் என்பதைக்கூட அப்படத்தைக் கண்டிராதவர் அறிந்திருந்தனர். கோயில் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனம் கேட்டு வளர்ந்த ஜாதி நாம். தருமியின் நடுக்கத்தைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்களே அதிகம்.

எழுபதுகளில் எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலித் தொடரை அறியாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. 1976இல் 'கோமாளிகள்' என்ற சினிமாவாகவும் அது வந்தது. மரைக்காராக ராம்தாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீத். ஒருவர் முஸ்லிம்கள் பேசும் தமிழ், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் சிங்களவர் கொச்சையாகப் பேசும் தமிழ், ஒருவர் அக்கிரகாரத் தமிழ். வாயைத் திறந்த மாத்திரத்தில் ஆள் இன்னார் என்று முகம் தெரிந்துவிடும். பச்சை நிறம் பூசாமலே பச்சை மனிதனைக் காட்டும் வித்தை அதுதான். மேனாட்டு ஒலிநாடகங்களில் ஒரே அமெரிக்க உச்சரிப்பில் நான்கு பேர் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும்போது, செத்தவர் யார் என்பதை அறிய நான் அடுத்த காட்சி வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒரு பூர்வாசிரமம் எனக்கு உண்டு. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. அக்காலத்தில் இந்தியப் பத்திரிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தமையால், தலைமன்னார்க் கப்பலில் யாரோ ஒருவருடைய பெட்டியின் அடியில், புடைவைகளுக்கு நடுவே பிரயாணம் செய்த ஒரேயொரு பிரதிதான் எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. ஒரு புத்தகத்தை இத்தனை பேர் எப்படிப் பார்ப்பது? அதன் உடைமையாளன் நடுவில் அமர்ந்து படத்தைத் தான் மட்டும் பார்த்து, எங்களுக்கு வாயால் நடத்திக் காட்டினான். வெடிகுண்டுக்கு ஒரு சத்தம், கதவு உடைவதற்கு ஒரு சத்தம், மாயாவி மறைவதற்கு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுக்கும் விசேஷமான ஒரு சத்தம். பாதிக் கதையில் அவனுடைய குடும்பம் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. புத்தகம் அவனுடனேயே கப்பலேறிற்று. மீதியை நாங்களே ஆளுக்கொரு விதமாக முடித்துக்கொண்டோம். வெகுகாலத்துக்குப்பின் மூலக்கதையைப் படித்தபோது, எங்கள் முடிவுகளில் சில அதைவிட மேலானவை என்றே தோன்றியது.

இந்த மாயாவியைப்போல வானொலிக்கென்றே அவதரித்த நாயகன் வேறெவனும் இல்லை என்பது என் துணிபு. 1962இல் 'வேலியண்ட்' என்ற பிரித்தானிய இதழில் பிறந்து, ஹெஸூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியச் சித்திரக்காரரின் கையால் உருவம் பெற்ற லூயிஸ் கிராண்டேல், ஆய்வுகூட விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் தாக்கினால் அந்தக் கை ஒன்று நீங்கலாக உடல் முழுதும் மறைந்துவிடும். பாவம் பிளாஸ்கோ, ஆளில்லாத அறையில் அந்தரத்தில் ஒரு கையை மட்டும் வரைந்து வாசகனை நம்பவைக்க அரும்பாடுபட்டார். வானொலியிலோ எல்லாரும் மாயாவிகளே. போலீஸ்காரரும் மாயாவி, திருடனும் மாயாவி. மறையாத அந்தக் கைக்கு மாத்திரம் ஒரு சத்தம் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. மின்சாரம் இன்றியமையாத இந்த வீரர் இலங்கையில் பிறந்திருந்தால், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடந்தபோது, பட்டப்பகலில் எல்லார் கண்ணிலும் பட்டு எரிவாயு வரிசையில் நின்றிருப்பார் என்பது வேறு விஷயம்.

ஆகவே நானும் பேரனும் கூடி, மாயாவியை எங்கள் வீட்டிலேயே ஒலிநாடகமாக்குவது என்று தீர்மானித்தோம். வெளியிடுவதற்கன்று, சொந்த ஆனந்தத்துக்கு. பேரன் மாயாவி, நான் விஞ்ஞானி, போலீஸ் அதிகாரி, பொதுஜனம். விஞ்ஞானிக்கு யாழ்ப்பாணத் தமிழ் கொடுத்தேன். பரிசோதனை தோற்றாலும் பிறரைத் திட்டும் உரிமையை அந்தத் தமிழ் அவருக்கு வழங்கிற்று. குதிரைக் குளம்புக்குச் சிரட்டையும், இடிக்குத் தகரமும் ஆகிவந்த உபகரணங்கள். எஃகுக் கைக்குத்தான் எதுவும் பொருந்தவில்லை. சாவிக்கொத்து சில்லறைத்தனமாக ஒலித்தது. சைக்கிள் சங்கிலியில் வீரம் இருந்தாலும் விரல்கள் இல்லை. கடைசியில் பேரன் சமையலறைக்குள் நுழைந்து, என் மாமியார் காலத்துப் பித்தளை இடியப்ப உரலைத் தூக்கி வந்து, அதன் பிடிகளை மெல்ல முறுக்கினான். 'கிர்ர்ரீச்' என்று எழுந்த அந்த ஓசையில் ஐந்து எஃகு விரல்களும் ஒவ்வொன்றாக மடங்குவதை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

ஒலிப்பதிவு ஒரு மாலையில் ஆரம்பமாயிற்று. எங்கள் கதை விண்வெளியில் நடப்பதால், அதன் பரிபூரண நிசப்தம் தேவைப்பட்ட இடத்தில், கூரைமேல் ஒரு குரங்குக் கூட்டம் ஹந்தானையிலிருந்து இறங்கி ஓட்டப்பந்தயம் நடத்தியது. அதை விண்கற்கள் பொழிவதாக வைத்துக்கொண்டோம். அது அடங்கி, மாயாவி விரோதியின் விண்கலத்தில் மூச்சையும் அடக்கிப் பதுங்கும்போது, பேத்தோவனின் மெட்டை முழக்கிக்கொண்டு பாண் விற்கும் சூன் பாண் முச்சக்கரவண்டி எங்கள் ஒழுங்கையில் ஏறிற்று. "கட் பண்ணிட்டுத் திரும்ப எடுக்கலாம் தாத்தா" என்றான் பேரன். நான் இணங்கவில்லை. இந்தப் பிரபஞ்சத்தில் இலங்கையன் எந்தக் கோளில் இறங்கினாலும் சாயந்தரம் பாண்காரன் வந்தே தீருவான் என்று வாதாடி, விரோதியின் காவலர்கள் மாலுபாண் வாங்க வெளியே ஓடிவிடும் தருணத்தில் மாயாவி உள்ளே நுழைவதாகக் கதையைத் திருத்தி அமைத்தேன். மூலத்தில் இல்லாவிட்டாலும் அவ்வளவு இயல்பான காவல் தளர்ச்சி எந்த உளவுக்கதையிலும் கிடையாது.

கதை உச்சகட்டத்தை எட்டிற்று. விரோதியாகிய சர்வாதிகாரியின் கழுத்தை நோக்கி எஃகுக் கை நீள வேண்டும். பேரன் உரலின் பிடிகளைப் பற்றினான். அப்போது சமையலறை வாசலில் என் மனைவி தோன்றினாள்.

"என்னங்க, மணி ஏழாச்சு. மாவு அவிச்சு வச்சு எவ்வளவு நேரம்? உரல் எங்க?"

ஒரு நிமிஷம் பொறுக்கும்படி மன்றாடினேன். உலகத்தின் தலைவிதியே அந்தக் கையில் இருக்கிறது என்று எடுத்துரைத்தேன். "உலகத்துக்கு என்ன அவசரம்? ராத்திரிக்கு இடியப்பமா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். பேரன் என்னைப் பார்த்தான். நான் உரலைப் பார்த்தேன். தேங்காய்ப்பால் சொதியின் வாசனை விறாந்தை வரை வந்துவிட்டது. மாயாவியின் கை சமையலறைக்குச் சென்றது.

இதன் விளைவாக எங்கள் தயாரிப்பில் ஒரு விதி ஏற்பட்டுள்ளது: இரவு எட்டரை மணிக்கு மேல், உரல் கழுவிக் கவிழ்க்கப்பட்ட பின்னரே மாயாவி குற்றவாளிகளைப் பிடிப்பார். பாண் சாப்பிடும் நாட்களில் மட்டும் அவருக்கு முழுநேரப் பணி. மேலும், சர்வாதிகாரியின் வேஷத்துக்கு நான் தகுதியற்றவன் என்று பேரன் அபிப்பிராயப்பட்டபடியால், அன்று வாசலில் நின்று உரலைக் கேட்ட குரலையே ஒப்பந்தம் செய்திருக்கிறோம். அவளும் சம்மதித்துவிட்டாள், எந்த அத்தியாயத்திலும் தான் சாகமாட்டேன் என்பது ஒன்றே அவளுடைய நிபந்தனை.